யாரும் அறியாத காவலர்கள்: மிகுபுனைவில் ஓர் அமைதி நாட்டையும் அதைக் காப்பவர்களையும் எழுதுவது எப்படி

மிகுபுனைவு, அதாவது ஃபேன்டசி, எழுத வருகிறவர்களைத் திரும்பத் திரும்ப இழுக்கும் கரு ஒன்று உண்டு. ஒரு நாடு நிம்மதியாக இருக்கிறது. விதைக்கிறார்கள், அறுக்கிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள், பக்கத்துக் காட்டுக்காரனோடு வரப்புச் சண்டை போடுகிறார்கள். இப்படித்தான் எப்போதும் இருந்தது, இப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள். எல்லையில், மழையில் நனைந்தபடி, சிலர் கண்விழித்து நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கருவை எடுத்துக்கொண்டு உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் நேரே காவலர்களிடம் போய்விடுகிறார்கள். கறுப்பு அங்கி, மந்திர வாள், முகத்தில் ஒரு வடு, யாரோடும் பேசாத தலைவன். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கதை நொண்டத் தொடங்கும். இந்தக் கதைக்கு உயிர் கொடுப்பது, காப்பவருக்குத் தெரிந்ததற்கும் காக்கப்படுகிறவருக்குத் தெரியாததற்கும் நடுவே உள்ள இடைவெளி. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த இடைவெளியை நம்பும்படி கட்டுவதற்காகத்தான். பேச வசதியாக ஒரு நாட்டைக் கற்பித்துக்கொள்வோம். பெயர் ஏழோடை. கரிசல் மண், ஏழு ஓடைகள், மூன்று பக்கம் மலை.

முதல் படி: காவலர்களை மறந்துவிட்டு நாட்டைக் கட்டுங்கள்

அமைதியை எழுதுவது போரை எழுதுவதைவிடக் கடினம். "ஏழோடை மக்கள் அமைதியாக வாழ்ந்தார்கள்" என்று எழுதினால் வாசகர் மனதில் ஒன்றும் பதியாது. அமைதி, பொருள்களில் தெரிய வேண்டும். எந்தப் பொருள் இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்று பாருங்கள்.

ஏழோடையில் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பூட்டு செய்யத் தெரிந்த கொல்லன் அந்த நாட்டிலேயே இல்லை. தானியக் குதிர்கள் வயலோரமாக, வானம் பார்த்து நிற்கின்றன. பாலங்கள் அகலமானவை, இரண்டு வண்டி எதிரெதிரே வந்தாலும் ஒதுங்க வேண்டியதில்லை. பகைவனை நினைத்துப் பாலம் கட்டுகிறவர்கள் குறுகலாக, அவசரத்தில் இடித்துவிடக்கூடியதாகக் கட்டுவார்கள். ஊர்கள் தண்ணீர் பக்கமாகச் சிதறிக் கிடக்கின்றன. பயம் உள்ள நாட்டில் ஊர் அப்படி இருக்காது. இடைக்கால இத்தாலியில் குன்றுகளின் உச்சியில், மதிலுக்குள் வீட்டோடு வீடு ஒட்டி எழுந்த ஊர்கள் இன்றும் நிற்கின்றன. தண்ணீரும் வயலும் கீழே இருந்தும் மக்கள் மேலே ஏறிக்கொண்டதற்குப் பாதுகாப்பு ஒரு முக்கியமான காரணம். ஒரு நாட்டின் வரைபடத்தைப் பார்த்தே அங்குள்ளவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஏழோடையின் வரைபடத்தில் பயத்தின் தடமே இருக்கக்கூடாது.

ஆனால் சண்டை இருக்க வேண்டும். தண்ணீர் முறை யாருக்கு முதலில், யாருடைய ஆடு யாருடைய பயிரை மேய்ந்தது, பாட்டி எழுதி வைத்த நிலம் யாருக்கு என்று இந்தச் சின்னச் சண்டைகளை மனம்விட்டு எழுதுங்கள். சின்ன விஷயத்துக்கு ஆறு மாதம் பேசாமல் இருக்க முடிவதே பெரிய ஆபத்து இல்லாத நாட்டில்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்கும் நாட்டைக் காப்பாற்ற வாசகருக்கு ஆசை வராது. வரப்புக்குச் சண்டை போடும் கிழவரை நாலு பக்கத்தில் நேசிக்க வைத்துவிட்டால், அவர் தூங்கும்போது வாசகர் எல்லையைப் பார்த்துப் பதறுவார்.

இரண்டாம் படி: ஆபத்து எந்த அளவில் வருகிறது?

பத்தாயிரம் பேர் கொண்ட படை வந்தால் ரகசியக் காவல் எதற்கும் உதவாது. ரகசியமும் அன்றோடு முடிந்தது. ஆகவே உங்கள் ஆபத்து ஒன்றும் இரண்டுமாக, அடிக்கடி வருவதாக இருக்கட்டும். கொள்ளைக்காரரின் முன்னோடிகள், குளிர்காலத்தில் இறங்கும் மிருகங்கள், மலைக்கு அப்பாலிருந்து வழி தேடி வரும் பெயரற்ற ஏதோ ஒன்று என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் யாரும் அறியாமல் திருப்பி அனுப்ப முடிய வேண்டும். பெரிய படை வரும் நாளைக் கதையின் கடைசிப் பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்களுக்கு ஒரு தேவை இருக்கட்டும். தண்ணீர், வெப்பம், வழி, பழைய கடன். "தீமை" என்பதற்காகவே வருகிற பகை இரண்டாவது தடவை வரும்போதே அலுத்துவிடும்.

மூன்றாம் படி: ஏன் ரகசியம்?

இந்த ஒரு படியில் ஒரு வாரம் செலவழித்தாலும் தகும். காவல் ரகசியமாக இருப்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் வேண்டும். அதைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: நாளைக் காலையில் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டால் என்ன கெடும்? "ஒன்றும் கெடாது, ஊர் நன்றி சொல்லும்" என்பது உங்கள் பதிலானால், அந்த ரகசியம் அலங்காரத்துக்கு ஒட்டியது. கழற்றிவிடுங்கள்.

சில வலுவான காரணங்களைச் சொல்கிறேன். ஒப்பந்தம்: ஆயுதம் ஏந்துவதில்லை என்று நாடு பெரிய அண்டை அரசுகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது, காவல் இருப்பது வெளியே தெரிந்தால் வாக்கு முறிந்ததாகும். மறைவிடம்: காக்கத் தகுந்தது ஏதோ இங்கே இருக்கிறது என்று காவலே காட்டிக் கொடுத்துவிடும். மந்திரம்: எல்லையைத் தாண்டப் பார்க்கும் அது பயத்தை மோப்பம் பிடித்து வருகிறது, மக்கள் பயப்படத் தொடங்கினால் அதற்கு வழி கிடைத்துவிடும். மூன்றாவது காரணம் மிகுபுனைவில் மட்டுமே முடியும் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையைச் சொல்வதே ஆபத்தாகிவிடுகிறது அல்லவா?

ஏழோடைக்கு நான் தேர்ந்தெடுக்கும் காரணம் வேறு. காவலர்கள், அந்த நாட்டை ஒரு காலத்தில் எரித்தவர்களின் பேரப்பிள்ளைகள். பாட்டன்கள் செய்ததற்கு ஈடாகப் பேரர்கள் காவல் நிற்கிறார்கள். ஏழோடையின் தாலாட்டுப் பாட்டில் அந்தக் குலத்தின் பெயர் பூச்சாண்டியின் பெயராக இருக்கிறது. தாங்கள் காக்கும் குழந்தைகள் தங்கள் பெயரைக் கேட்டு அழுவதை அவர்கள் இருட்டில் நின்று கேட்கிறார்கள். காரணம் சரியாக அமைந்துவிட்டால் இப்படிக் காட்சிகள் தாமாக வந்து சேரும்.

இதன் சாரத்தை வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளில், 590-ஆம் குறளில், வைத்திருக்கிறார்:

சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க செய்யின்
புறப்படுத்தான் ஆகும் மறை.

ஒற்றருக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே. செய்தால் மறைக்க வேண்டியதை நீயே வெளியே போட்டவன் ஆவாய். மறைந்து காப்பவருக்கு மாலை போட முடியாது. போட்டால் அந்த மாலையே அவரைக் காட்டிக் கொடுக்கும். நன்றி சொல்வதே துரோகம் ஆகிவிடும் நிலை இது. உங்கள் நாவலில் எங்காவது, காவலர்களை அறிந்த ஒரே ஆள் நன்றி சொல்லத் துடித்தும் சொல்லாமல் கடந்துபோகிற காட்சி இருந்தே ஆக வேண்டும்.

நிஜ உலகிலும் இது நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் மறைகுறிச் செய்திகளை உடைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போர் 1945-ல் முடிந்தது. அவர்கள் செய்த வேலை வெளியுலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது 1974-ல். நடுவில் ஏறக்குறைய முப்பது ஆண்டு. "போர்க்காலத்தில் நீ என்ன செய்தாய்" என்று கேட்டவர்களிடம் "அலுவலக வேலை" என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் செய்தது என்னவென்று தெரியாமலே இறந்துபோன பெற்றோர் உண்டு. உங்கள் காவலர்களுக்கு மனம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, எந்த வீரகாவியத்தையும்விட அந்த முப்பது ஆண்டு மௌனத்தை நினைத்துப் பார்ப்பது உதவும்.

நான்காம் படி: கணக்குப் போடுங்கள்

கணக்கு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இந்தப் படி கதைக்குள் நிறையக் கதைகளைத் தரும்.

ஏழோடை 60 கிலோமீட்டர் நீளம், 40 கிலோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 200 கிலோமீட்டர். அதில் 120 கிலோமீட்டரை மலையும் பள்ளத்தாக்கும் அடைத்துவிடுகின்றன. திறந்த எல்லை 80 கிலோமீட்டர். எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு பரண் என்றால் பத்துப் பரண். ஒவ்வொரு பரணிலும் இரவும் பகலும் இரண்டு பேர் விழித்திருக்க வேண்டுமானால், முறை மாற்றிக்கொள்ள ஆறு பேராவது வேண்டும். அறுபது பேர் ஆயிற்று. காயம், காய்ச்சல், பயிற்சியில் இருப்பவர் என்று இன்னும் இருபது. நாட்டுக்குள் வேறு தொழில் செய்வதுபோல் நடமாடிச் செய்தி சேர்க்க இன்னும் இருபது. மொத்தம் நூறு பேர்.

2,400 சதுர கிலோமீட்டர் விவசாய நாட்டில் அறுபதாயிரம் பேர் வாழலாம். அறுநூறு பேருக்கு ஒரு காவலர். மறைந்திருக்க முடிகிற எண்ணிக்கைதான். ஆனால் காவலின் சோர்வை யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர், எட்டுக் கிலோமீட்டர் காடு. சமதரையில் நிற்கும் ஆளுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். முப்பது மீட்டர் உயரத்தில் ஏறினால் அது இருபது கிலோமீட்டராகும்; அதுவும் தெளிந்த பகலில், மரம் மறைக்காத இடத்தில். பார்வை எட்டாத இடங்களை நடந்துதான் நிரப்ப வேண்டும்.

ஒப்பிட ஓர் உண்மைச் செய்தி. ரோமப் பேரரசு பிரிட்டனில் கி.பி. 122-ல் தொடங்கிக் கட்டிய ஹேட்ரியன் மதிலின் நீளம் சுமார் 117 கிலோமீட்டர். ஒவ்வொரு ரோம மைலுக்கும் (ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர்) ஒரு சிறுகோட்டை, இரண்டு சிறுகோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல் கோபுரங்கள் என்பது திட்டம். அதாவது அரைக் கிலோமீட்டருக்கு ஒரு கண். பேரரசு பகிரங்கமாகக் காவல் காத்தால் அப்படி. உங்கள் ஆட்களிடம் மதிலும் இல்லை, அரசும் இல்லை. ஆகவே அவர்கள் எங்கே நிற்பது என்பதைவிட எங்கே நிற்காமல் விடுவது என்பதுதான் தினசரி முடிவு. தவறான இடத்தை விட்டுவிட்டால் ஒரு குடும்பம் போய்விடும். அந்த முடிவை எடுக்கும் தலைவியின் முகத்தை எழுதுங்கள்.

அடுத்து சோறு. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்ந்த உணவு வேண்டும். நூறு பேருக்கு ஆண்டுக்கு 36 டன்னுக்கு மேல். காட்டில் வேட்டையாடிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வரியில் தாண்டிவிடாதீர்கள். வேட்டையாடுகிற நேரம் காவல் நேரத்திலிருந்து போகும். அந்தத் தானியம் நாட்டுக்குள்ளிருந்து வருகிறதென்றால், யாரோ ஒருவர் கணக்கில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு அறுவடையிலும் எலி தின்றதாக எழுதி மூட்டைகளை மலையடிவாரத்துக்கு அனுப்பும் ஒரு கணக்குப்பிள்ளை. ஒருநாள் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு அவர் ஊர் நடுவே நிற்கிறார். வாய் திறந்தால் தப்பலாம். இது ஒரு முழு நாவலுக்குப் போதும்.

ஐந்தாம் படி: வேடம்

துறவியாய், கண்டவர் ஐயுறாத உருவத்தில், யார் மிரட்டினாலும் சோராமல் இருப்பவரே ஒற்றர் என்று அதே அதிகாரத்தின் 585, 586-ஆம் குறள்கள் சொல்கின்றன. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் மாணவர், துறவி, குடியானவர், வணிகர் என்று வேடங்களை வகைப்படுத்துகிறது. இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட அதன் உள்கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல வேடம் இரண்டு கேள்விக்கு விடை வைத்திருக்கும்: இந்த ஆள் ஏன் வேளைகெட்ட வேளையில் நடமாடுகிறார்? நாலு நாள் காணாமல் போனால் ஏன் யாரும் தேடவில்லை?

கரி சுடுகிறவரைப் பாருங்கள். மரத்தை அடுக்கி மண்ணால் மூடி எரியவிட்ட கரிமூட்டத்தை நாள்கணக்கில் இரவும் பகலும் கண்காணிக்க வேண்டும். காற்று உள்ளே புகுந்துவிட்டால் மொத்தமும் சாம்பல். அதனால் காட்டுக்குள் அவர் விழித்திருப்பது இயல்பு. புகை எழுவது இயல்பு. உடம்பெல்லாம் கறுப்பாக இருப்பது இயல்பு. இருட்டில் அதுவே மறைப்பு. புகையால் செய்தி அனுப்பினாலும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மருத்துவச்சி இன்னொருவர். நடுராத்திரியில் எந்தக் கதவும் அவருக்குத் திறக்கும், எல்லா வீட்டுச் செய்தியும் காதுக்கு வரும். தேன் எடுப்பவர், சாணை பிடிப்பவர், படகோட்டி என்று நீங்களே யோசிக்கலாம். கூடாத வேடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சாவடியின் இருட்டு மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள். முதல் பார்வையிலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும். கதைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

ஆறாம் படி: இரவை இரவாக எழுதுங்கள்

காவல் என்றாலே இரவு. புதியவர்கள் எழுதும் இரவுகளில் எப்போதும் முழுநிலா, காவலர்கள் எப்போதும் தீ மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையில் தீயைப் பார்த்தவருக்கு இருட்டில் கண் தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரமாவது பிடிக்கும். ஒரு பந்தத்தை நேராகப் பார்த்தால் அந்த அரை மணி நேரமும் வீண். ஆகவே அனுபவமுள்ள காவலர் வெளிச்சத்தைக் கடக்க நேர்ந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்வார், அந்தக் கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ள. மங்கலான ஒன்றை நேராக உற்றுப் பார்க்க மாட்டார்; சற்றுத் தள்ளிப் பார்ப்பார். விழித்திரையின் நடுப்பகுதியில் மங்கிய ஒளிக்கான செல்கள் இல்லை, ஓரங்களில்தான் உண்டு. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மூத்தவள் இதைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு காட்சி, பத்துப் பக்க வரலாற்றைவிட அவர்களை நிஜமாக்கும்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலக்கா."

"மரத்தப் பாக்காத. மரத்துக்குப் பக்கத்துல பாரு. இப்ப?"

"...ஏதோ நிக்குது."

"எத்தன கால்?"

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். பேயைப் பற்றியும் பகைவனைப் பற்றியும் அவள் பேசவில்லை. கால் எத்தனை என்று கேட்கிறாள். தினமும் பார்த்துப் பழகியவர்களின் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

நிலவுக்கும் கணக்கு உண்டு. வளர்பிறையின் பாதிநிலா நள்ளிரவை ஒட்டி மறையும். தேய்பிறையின் பாதிநிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும். எந்த இரவில் எந்த நேரம் இருட்டு என்பது வருகிறவனுக்கும் தெரியும், காப்பவருக்கும் தெரியும். காற்றசையாத, வானம் தெளிந்த இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து ஒலி நெடுந்தூரம் கேட்கும். அன்றைக்கு இருமல் வந்தால் விழுங்க வேண்டும்.

ஏழாம் படி: செய்தி எப்படிப் போகிறது?

தீக்குறிதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 1588-ல் ஸ்பெயின் கடற்படை நெருங்கியபோது இங்கிலாந்தின் தென்கரையில் குன்றுக்குக் குன்று தீ ஏற்றித்தான் செய்தி போயிற்று. ஆனால் தீ ஒரே ஒரு வார்த்தைதான் பேசும்: "வந்துவிட்டார்கள்." யார், எத்தனை பேர், எந்த வழி என்று சொல்லாது. இந்தக் குறையைத் தீர்க்க கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் ஒரு முறையை விவரித்திருக்கிறார். எழுத்துகளை ஐந்து வரிசையாகப் பிரித்து, இரு பக்கமும் உயர்த்தும் பந்தங்களின் எண்ணிக்கையால் எழுத்தெழுத்தாகச் சொல்வது. சீனத்தில் மிங் அரசர் காலத்தில் புகையோடு வெடியோசையும் சேர்த்து, அதன் எண்ணிக்கையால் பகைவரின் அளவைத் தெரிவித்தார்கள்.

ரகசியக் காவலுக்கு இன்னொரு தடை உண்டு. நாட்டு மக்கள் கண்ணில் தீ படக்கூடாது. கரிமூட்டப் புகை, சலவைத் துணி காயும் வரிசை, ஓடையில் மிதந்து வரும் குறியிட்ட மரத்துண்டு போன்று பார்த்தும் பார்க்காமல் போகிற குறிகளைக் கண்டுபிடியுங்கள். ஏழோடையில் ஏழு ஓடைகளும் மலையிலிருந்து நாட்டுக்குள் பாய்கின்றன. செய்தி கீழே வருவது எளிது. மேலே போவதற்கு ஓர் ஆள் ஓட வேண்டும். மலைப்பாதையில் முப்பது கிலோமீட்டர் என்றால் ஒருநாள். அந்த ஒருநாள் தாமதத்தில்தான் உங்கள் திருப்பங்கள் ஒளிந்திருக்கின்றன.

செய்தி பொய்யாகவும் இருக்கலாம். ஓர் ஒற்றர் சொன்னதை இன்னோர் ஒற்றரால் சரிபார், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொன்னது ஒத்துப்போனால் நம்பு என்பது 588, 589-ஆம் குறள்களின் வழி. இதை அப்படியே கதையாக்கலாம். மூன்று பரண்களிலிருந்து செய்தி வருகிறது. இரண்டு ஒத்துப்போகின்றன, ஒன்று முரண்படுகிறது. முரண்படுவது தலைவியின் தம்பி அனுப்பியது.

எட்டாம் படி: ஊர் அவர்களை எப்படிப் பார்க்கிறது?

காவலர்களை மக்கள் மதிக்கக்கூடாது. வெறுக்கவும் வேண்டியதில்லை. கொஞ்சம் இளக்காரம், கொஞ்சம் இரக்கம், நிறைய அலட்சியம். ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன். கரி சுடுபவராக வேடமிட்ட காவலர் சந்தையில் கயிறு வாங்குகிறார்.

"கரிக்கையோட தொடாதப்பா, வெள்ளக் கயிறு. எத்தன முழம் வேணும்னு சொல்லு, நான் அளந்து தாறேன்."

"நாப்பது முழம், அம்மா."

"நாப்பதா? கெணறு வெட்டப் போறியா?" அவள் அளந்துகொண்டே அவர் முகத்தைப் பார்க்கிறாள். "கண்ணு ரெண்டும் இப்பிடிச் செவந்து கெடக்கே. ராத்திரியெல்லாம் குடிச்சிட்டுக் கெடக்காதப்பா. ஒனக்கும் ஒரு பொண்டாட்டி புள்ள வேணாமா?"

"சரிங்கம்மா."

"இந்தா, ஒரு முழம் கூடப் போட்ருக்கேன்."

முந்தின இரவு பள்ளத்தாக்கில் விழுந்து இறந்த தோழனின் உடலை மேலே ஏற்றத்தான் அந்தக் கயிறு. வாசகருக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளைக் கெட்டவளாக எழுதாமல் இருப்பதுதான் இங்கே முக்கியம். அவள் நல்லவள், அந்த ஒரு முழம் உண்மையான அன்பு. அவள் தவறாகப் புரிந்துகொள்ள முடிவதே, அவர் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்பதற்குச் சான்று.

காவல் வெற்றி பெற்றால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததால் காவலே தேவையில்லை என்று தோன்றும். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கணினிகள் தேதியைக் குழப்பிக்கொண்டு நின்றுவிடும் என்ற அச்சத்தில் உலகெங்கும் நிரலர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் திருத்தினார்கள். ஜனவரி 1 விடிந்தது, பெரிய சேதம் இல்லை. "வெறும் பீதிதானா" என்று பலரும் கேட்டார்கள். கணக்குப்பிள்ளைக்குப் பின் வரும் புதிய அதிகாரி, "எல்லைப்பக்கம் இத்தனை ஆண்டில் எதுவுமே நடந்ததில்லையே, இந்தச் செலவு எதற்கு" என்று கேட்கும் காட்சி அங்கிருந்து பிறக்கும்.

ஒன்பதாம் படி: காவலுக்கு யார் காவல்?

நூறு பேர் அறுபதாயிரம் பேரின் நடமாட்டத்தை எல்லாம் அறிந்திருக்கிறார்கள். ஆயுதம் அவர்களிடம் மட்டும். யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் அவர்களைக் கேள்வி கேட்க முடியாது. இதை எழுதாமல் விட்டால் உங்கள் காவலர்கள் நல்லவர்கள் என்பதை வாசகர் உங்கள் வார்த்தையை மட்டும் வைத்து நம்ப வேண்டியிருக்கும்.

அவர்களுக்கென்று கடுமையான விதிகள் வையுங்கள். வீட்டுக்குள் நுழையக்கூடாது. ஊர்ச்சண்டையில் தலையிடக்கூடாது. கொடுத்ததற்கு மேல் குதிரில் கை வைக்கக்கூடாது. பிறகு, நல்ல காரணத்துக்காக ஒரு விதியை யாராவது மீறட்டும். மனைவியை அடிக்கும் ஒருவன் வீட்டுக் கதவுக்கு வெளியே, இருட்டில், ஒரு காவலர் நிற்கிறார். தாழ்ப்பாள் இல்லாத கதவு. உள்ளே போகலாமா? போனால் காவல் எங்கே முடிந்து ஆட்சி எங்கே தொடங்குகிறது? இதற்குச் சுலபமான விடை இல்லாததால்தான் எழுதச் சொல்கிறேன்.

எப்படிச் சேர்கிறார்கள், விலக நினைத்தால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே தீர்மானித்துவிடுங்கள். விலகுகிறவரைக் கொல்லும் கூட்டம் என்றால் அதற்குப் பெயர் காவல் அல்ல.

பத்தாம் படி: ரகசியம் எங்கே கசிகிறது?

பெரிய போரில் ரகசியம் உடைவதைவிட, சின்னப் பொருளில் கசிவது நன்றாக இருக்கும். ஏழோடை முழுக்கக் கரிசல். ஒருநாள் மூலிகை விற்க வந்தவரின் செருப்பு விளிம்பில் செம்மண் ஒட்டியிருப்பதை ஆடு மேய்க்கும் சிறுமி பார்க்கிறாள். கணவாய்க்கு அப்பால் மட்டுமே செம்மண். அங்கே யாரும் போவதில்லை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? அவள் யாரிடமும் கேட்காமல், அடுத்த தடவை அவர் வரும்போது மறுபடி செருப்பைப் பார்க்கிறாள். கண்டுபிடிப்பவர் ஒருவராக, அதுவும் ஊரில் யாரும் காது கொடுக்காதவராக இருந்தால் கதை நெருக்கமாகும். தெரிந்த பிறகு அவளும் மறைக்க வேண்டியவளாகிறாள். இடைவெளியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒருத்தி தாண்டிவிட்டாள்.

பதினோராம் படி: பெயரும் பேச்சும்

பெயர்களைத் தமிழ் வேரிலிருந்தே எடுங்கள்: ஓடை, மரம், மண், தொழில். வாயில் நுழையாத வெளிநாட்டு ஓசையில் பெயர் வைத்தால் அது மிகுபுனைவு ஆகிவிடாது. ஊரார் பேச்சு நீட்டி முழக்கி, உறவுமுறை சொல்லி, சுற்றி வளைத்து வரட்டும். காவலர்கள் தங்களுக்குள் பேசும்போது வாக்கியங்கள் சுருங்கட்டும். இருட்டில் முணுமுணுத்துப் பழகியவர்கள் நீளமாகப் பேச மாட்டார்கள். ஊருக்குள் வந்ததும் அதே ஆள் ஊர்ப்பேச்சுக்கு மாறுவார். அந்த மாற்றத்தை வாசகர் காதால் பிடித்துவிடுவார், நீங்கள் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. "பண்டைய காலத்தில்" என்று தொடங்கும் முன்னுரை வேண்டாம்.

எங்கே தொடங்குவது?

யாருடைய கண்ணால் கதை சொல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காவலர் கண்ணால் என்றால் வாசகர் எல்லாம் அறிந்து தவிப்பார். சிறுமி கண்ணால் என்றால் அறிந்துகொள்ளத் துடிப்பார். இரண்டையும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றுவது இன்னும் வலுவானது, ஆனால் முதல் நாவலுக்குச் சுமை. ஒரே கண்ணைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். அதுவும் சிறுமியின் கண்ணை. அவளுக்குத் தெரியாத நாட்களில் அந்த நாட்டை நாமும் அவளோடு சேர்ந்து நேசித்திருப்போம்.

இப்போது மூன்று காட்சிகளை மட்டும் எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல். ஊரில் ஒரு வரப்புச் சண்டை, காவலர் யாரும் இல்லாமல். அதே இரவில் பரணில் இரண்டு பேர், சண்டை எதுவும் நடக்காமல். மறுநாள் சந்தையில் அந்த இரண்டு பேரில் ஒருவரும், வரப்புக்குச் சண்டை போட்ட கிழவரும் எதிரெதிரே. மூன்றாவது காட்சியில் இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று முன்கூட்டியே திட்டம் போடாதீர்கள். முதல் இரண்டையும் எழுதி முடித்திருந்தால் அவர்களே பேசுவார்கள். பேசாவிட்டால், வரைபடத்தையும் மூன்றாம் படியின் கேள்வியையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். ரகசியத்துக்கான காரணம் இன்னும் பலவீனமாக இருக்கிறது என்று பொருள்.